இல்லை என்று சொல்வதற்கு முன்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் கணினிப் பதிவேட்டைத் தூக்கிவிட்டு, மாத வாடகையில் பெரிய ஏற்பாடு ஒன்றுக்குப் போகலாம் என்று சென்ற மாதக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. பதினோரு பேரில் ஒன்பது பேர் சரி என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். மீதி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எதை மாத்தினாலும் பிடிக்காது முசியே" என்று செயலாளர் சிரித்தார். முசியே என்பது எனக்கு அலுவலகத்தில் விழுந்த பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு ஆங்கிலக் கோப்பு எழுத வந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? என் காரணத்தை அன்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கும்போது டீ வந்துவிட்டது. டீ வந்த பிறகு எங்கள் கமிட்டியில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. அதில் ஒரே ஒரு கோப்பு. அந்தக் கோப்புதான் மொத்தப் பதிவேடும்: 1,900 உறுப்பினர்கள், அவர்கள் மாதாமாதம் கட்டிய சந்தா ஏறக்குறைய 4 லட்சம் வரிகள். இதன் உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம். 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் எழுதியது. அவர் அப்போது கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தளச் சர்வர் நின்றால் தன் நிரலும் சேர்ந்து நிற்கிறதே என்ற எரிச்சலில், சர்வரே தேவைப்படாத ஒன்றை உண்டாக்கினார். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைபேசிக்குள்ளும் அதுதான் இருக்கிறது. உரிமைக் கட்டணம் கிடையாது. எழுதியவர்களே அதைப் பொதுவுடைமை ஆக்கிவிட்டார்கள். 2050 வரை பராமரிப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கமிட்டியில் 2050 வரை எதையும் பராமரிப்பதாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் இலவசமாக ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்டதை அவர் செய்தார். என்ன கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடி மாதம், உச்சி வெயில். வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் ஒரு அம்மா வந்தார். கணவர் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குச் சங்கம் 25,000 ரூபாய் தருகிறது. நான் மேசையில் இருந்தேன். 'பொ' என்று தொடங்கும் பெயர். தட்டினேன். பூஜ்யம் என்று வந்தது. மறுபடி தட்டினேன். பூஜ்யம்.

"இல்லையேம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சந்தா கட்டாம விட்டிருப்பார்" என்றும் சொன்னேன்.

"அவரு அப்படி விடுறவர் இல்லீங்க ஐயா" என்றார் அந்த அம்மா. சண்டை போடவில்லை. கொண்டுவந்த மஞ்சள் பையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தொன்பது நாள் கழித்து, ஆண்டுக் கூட்டத்துக்காகப் பெயர்ப் பட்டியலை அச்செடுத்து வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அகர வரிசையில் பெருமாள்கள் எல்லோரும் முடிந்து பேச்சிமுத்து வருவதற்கு முன், நடுவில் ஏழெட்டு 'பொ' பெயர்கள். 'பொ' வரவேண்டிய இடம் அதுவல்ல. 'பே', 'பை' எல்லாம் முடிந்த பிறகுதான் 'பொ'. அங்கேயும் ஒரு கூட்டம் 'பொ' இருந்தது. அதாவது பட்டியலில் இரண்டு 'பொ' குடும்பங்கள். முதல் குடும்பத்தில் மூன்றாவதாக அந்த அம்மாவின் வீட்டுக்காரர். சந்தா பாக்கி ஒரு பைசா இல்லை.

அச்சில் வருகிறவர் தேடினால் ஏன் வரவில்லை? அன்று இரவு பேத்தியைக் கூப்பிட்டேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் இரண்டு பெயர்களையும் எடுத்து, ஹெக்ஸ் என்ற கட்டளையில் போட்டுக் காட்டினாள். கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, கோப்பில் உண்மையில் என்ன எண்கள் இருக்கின்றன என்று காட்டும் கட்டளை அது. ஒரு 'பொ' ஆறு பைட். இன்னொரு 'பொ' ஒன்பது பைட்.

"தாத்தா, ஒண்ணுல 'ப'வும் ஒரே ஒரு குறியும் இருக்கு. இன்னொண்ணுல 'ப', அப்புறம் ஒற்றைக் கொம்பு, அப்புறம் கால். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான். மெஷினுக்கு ரெண்டும் வேற."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சங்கத்தின் முதல் பட்டியல் பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் தட்டச்சில் அடிப்பதுபோல, முதலில் கொம்பு, பிறகு 'ப', பிறகு கால் என்று மூன்று விசை தட்டுவோம். அதைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியவர்கள் கொம்பைத் தூக்கி 'ப'வுக்குப் பின்னால் வைத்தார்கள். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்க மறந்துவிட்டார்கள். யூனிகோடு விதிப்படி இரண்டு வடிவமும் சமம்தான். ஆனால் எஸ்க்யூலைட் அந்த விதியைப் பார்ப்பதில்லை. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும், அவ்வளவுதான். அதனால்தான் வரிசையிலும் அவர்கள் 'பெ'வுக்குப் பின்னால், 'பே'வுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மொத்தம் 214 பேர் இப்படி இருந்தார்கள். கொ, சொ, தொ, மோ, கோ என்று எல்லா வகையிலும். அதாவது சங்கத்தில் பத்துக்கு ஒருவரைத் தேடினால் எங்கள் கணினி 'இல்லை' என்றிருக்கும். எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறோமோ.

சரிசெய்வது கஷ்டமாக இல்லை. இந்தச் சிக்கல் உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன். ஒற்றைக் கொம்பின் யூனிகோடு எண் 3014, கால் 3006, இரண்டும் சேர்ந்த குறி 3018. இரட்டைக் கொம்புக்கு 3015, கால் சேர்ந்தால் 3019. ரீப்ளேஸ் கட்டளையால் முதல் ஜோடியை 3018 ஆகவும் இரண்டாவதை 3019 ஆகவும் மாற்ற வேண்டும். அதற்கு முன் கோப்புக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். மாற்றத்தை பிகின் என்று தொடங்கி, எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துவிட்டு கமிட் கொடுக்க வேண்டும். பிறகு நிரலில், புதிதாக யார் எதை அடித்தாலும் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வரி ஒன்றைப் பேத்தி சேர்த்தாள்.

மறுநாளே வில்லியனூர் போனேன். அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காசோலையைக் கொடுத்தேன். "அன்னிக்கு இல்லைன்னீங்களே, இப்ப எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எழுத்துல ஒரு தப்பும்மா" என்றேன். "அவரு கையெழுத்து நல்லா இருக்குமே" என்றார்.

என் படிப்பு இந்த இடத்தில் எனக்கு உறுத்தியது. எங்கள் பள்ளியில் தினமும் தித்தே உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். எழுத்தின் தலையில் போடும் அக்சான் குறி விட்டுப்போனால் அரை மதிப்பெண் போய்விடும். எ-வின் மேல் வலப்பக்கம் சாய்ந்த கோடு, இடப்பக்கம் சாய்ந்த கோடு, தொப்பி என்று மூன்று தினுசு. பத்து வயதுப் பையனுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். இல்லை, அவை வேறு வேறு என்று பிரம்பால் புரியவைத்தார்கள். அப்படிப் படித்தவன், திரையில் ஒன்றாகத் தெரிந்ததால் ஒன்றுதான் என்று நம்பிவிட்டேன்.

பிரெஞ்சுப் பெயர்களிலும் இதே வியாதி உண்டு. எஸ்க்யூலைட்டின் லைக் தேடல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு மட்டும். அக்சான் போட்ட பெரிய எழுத்தும் அக்சான் போட்ட சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு. புதுச்சேரியில் எலியான், எலிசபெத் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! பிரெஞ்சுப் பத்திரத்தில் முத்து என்ற பெயருக்கு உகரம் வரும் இடமெல்லாம் ஓ, யு என்று இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். ஆங்கிலப் பத்திரத்தில் ஒரே யு. ஆள் ஒருவர், பெயர் இரண்டு. இதை எந்தக் கணினியும் தானாகத் தீர்க்காது. அதனால் இப்போது மேசையில் ஒரு விதி: முதலில் ஓய்வூதிய ஆணை எண்ணைக் கேள், பெயரைப் பிறகு தேடு. அன்று நான் அந்த எண்ணைக் கேட்கவே இல்லை.

கமிட்டியில் சொன்ன மற்ற குறைகளுக்கும் பதில் சொல்ல வேண்டுமே.

மெதுவாக இருக்கிறது என்றார்கள். பாக்கிப் பட்டியல் எடுக்க மூன்று நிமிடம் ஆனது உண்மை. எக்ஸ்ப்ளெய்ன் க்வெரி ப்ளான் என்ற இரண்டு மூன்று சொல்லைக் கேள்விக்கு முன்னால் சேர்த்தால், தான் எப்படித் தேடப்போகிறது என்பதை எஸ்க்யூலைட் தானே சொல்லிவிடும். 'ஸ்கேன்' என்று சொன்னால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுகிறது என்று பொருள். 'சர்ச்' என்றால் அட்டவணை பார்த்துப் போகிறது. எங்களுடையது ஒவ்வொரு உறுப்பினருக்காகவும் 4 லட்சம் சந்தா வரிகளையும் புரட்டிக்கொண்டிருந்தது. 1,900 தடவை. பெருக்கிப் பாருங்கள், 76 கோடி. சந்தாப் பட்டியலில் உறுப்பினர் எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டதும் மூன்று நிமிடம் கண் இமைக்கும் நேரமாகிவிட்டது. பிரெஞ்சு நிர்வாகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெயர் வரிசையில் தாப்ல் தெசெனால் என்ற அட்டவணை எழுதுவார்கள். அது இல்லாத பதிவேட்டில் ஒரு பாட்டனாரைத் தேடியவர்களுக்கு இண்டெக்ஸ் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மாதச் சந்தா ஏற்றுவதும் அப்படித்தான். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சேமித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வட்டில் பதிந்துவிட்டதா என்று காத்திருந்து உறுதிசெய்யும். சுழலும் பழைய வட்டில் வினாடிக்குச் சில டஜன் முறைதான் அது முடியும். எல்லாவற்றையும் ஒரே பிகினுக்கும் கமிட்டுக்கும் இடையில் போட்டோம், தீர்ந்தது.

கோப்பு கெட்டுப்போனதே என்றார் பொருளாளர். கெட்டது உண்மை. ஆனால் எப்படிக் கெட்டது என்பதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. சந்தா ஏற்றும்போது கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துவிட்ட மடிக்கணினி, அப்படியே அணைந்தது. மறுநாள் காலையில் ஒரு நண்பர் திறந்து பார்த்திருக்கிறார். பதிவேட்டுக் கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரோடு, வாலில் ஜர்னல் என்று ஒட்டிய இன்னொரு கோப்பு. இது என்ன குப்பை என்று அழித்துவிட்டார்.

அது குப்பை அல்ல. எஸ்க்யூலைட் ஒரு பக்கத்தை மாற்றும் முன், பழைய பக்கத்தை அந்த ஜர்னலில் எழுதிவைத்துக்கொள்ளும். பாதியில் நின்றுபோனால், அடுத்த முறை திறக்கும்போது ஜர்னலைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, திறந்தால் போதும். ஜர்னலை அழித்துவிட்டால் பாதி புதுசு, பாதி பழசு என்று நிற்கும். என் அலுவலக நாட்களில் நாள்வழிக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேரேடு டேலி ஆகவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அன்றே மெமோ கொடுத்திருப்பார்கள்.

இண்டெக்ரிட்டி செக் ஓட்டினோம். நல்லவேளை, பெரும்பாலும் அட்டவணையில்தான் ஓட்டை. ரீஇண்டெக்ஸ் கொடுத்ததும் சரியானது. அன்று ஏற்றிய சந்தாவில் ஒரு பகுதி போய்விட்டது, ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடித்தோம். இதற்குமேல் கெட்டிருந்தால் ரிகவர் என்ற கட்டளை இருக்கிறது, கிடைத்ததை அள்ளிக் கொடுக்கும்.

நகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1776-இல் வெர்சாயில் ஒரு ஆணை போட்டார்கள். காலனிகளின் பதிவேடுகளுக்கு ஒரு நகல் கூடுதலாக எழுதிக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று. இங்கே கரையான் தின்றாலும், மழை நனைத்தாலும் அங்கே ஒன்று இருக்கும். அந்த நகல்கள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காலனி ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பாய்மரக் கப்பல் காலத்தில் அவர்கள் செய்ததை, நாங்கள் ஒரு பென் டிரைவில் செய்யவில்லை. இப்போது வெள்ளிதோறும் பேக்கப் கட்டளையால் இரண்டு நகல், ஒன்று என் வீட்டில், ஒன்று செயலாளர் வீட்டில். கோப்பு திறந்திருக்கும்போது சும்மா இழுத்துப் போட்டு நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். கட்டளையால் எடுப்பதே நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்பது பேர் பக்கம் நியாயம் உண்டு. காரைக்காலிலும் ஒரு மேசை போட்டு, இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்று வந்தால் இந்தச் சின்னக் கோப்பு சரிப்படாது. அதைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினியிலிருந்து திறந்தால் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று அடிக்கடி வரும். அதைவிட மோசம், பூட்டு சரியாக விழாமல் இருவரும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுவது. எழுதியவர்களே அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் முதல் ஆளாக நானே கை தூக்குவேன். இப்போது எங்களுக்கு இருப்பது ஒரு மேசை. அதுவும் செவ்வாய், வெள்ளி, பத்து மணி முதல் ஒரு மணி வரை.

பெரிய ஏற்பாட்டுக்குப் போனாலும் நாங்கள் ஏற்றப்போவது இதே பெயர்களைத்தான். ஒன்பது பைட் 'பொ' அங்கேயும் ஒன்பது பைட்டாகத்தான் போய் உட்காரும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஹெக்ஸ் போட்டுப் பார்க்க என் பேத்தியை விட மாட்டார்கள். புகார் எண் கொடுப்பார்கள்.

திரையில் பூஜ்யம் வந்தால் 'இல்லை' என்று காட்டிக்கொண்டிருந்த வாசகத்தையும் மாற்றச் சொன்னேன். 'கிடைக்கவில்லை. ஓய்வூதிய ஆணை எண்ணில் தேடவும். பழைய நோட்டைப் பார்க்கவும்' என்று இப்போது வருகிறது. நீளமாக இருக்கிறது என்று செயலாளருக்குக் குறை. இருக்கட்டும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஔகார வரிசை. கௌசல்யா, சௌந்தரம், மௌலி போன்ற பெயர்களில், குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் 'ள' என்ற முழு எழுத்தும் அடித்து வைத்திருக்கிறார்கள் பலர். பார்த்தால் 'கௌ' போலவே இருக்கும், ஆனால் அது 'கெள'. இதை யூனிகோடு விதியும் காப்பாற்றாது, ஏனென்றால் விதிப்படியே அவை வேறு எழுத்துகள். மொத்தமாக மாற்றிவிடவும் பயம். தெரு, ஊர்ப் பெயர்களில் உண்மையான 'ள' எங்காவது இருக்கும். கெளுத்தி மீனைக் கௌத்தி ஆக்கிவிடக் கூடாது அல்லவா? ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 38 பெயர் இருக்கிறது. நேற்றுவரை 22 முடித்தேன். இருபத்து மூன்றாவது சௌந்தரம் என்று ஒரு அம்மா, முத்தியால்பேட்டை. போன் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட வேண்டும்.